புதுப்பிப்பு: நல்ல சகாக்கள், மோசமான நிர்வாகம்; கடைசியில் எடுத்த முடிவு

முன்பு எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 12 பேர் மட்டுமே உள்ள சிறிய நிறுவனம். முதலாளி காலையில் ஒன்று சொல்வார், மாலையில் அதையே மறுப்பார். சம்பளமும் தேதிக்கு வராது. ஆனால் கூட வேலை செய்பவர்கள் தங்கமானவர்கள். இருப்பதா, போவதா என்று கேட்டிருந்தேன்.

நீங்கள் சொன்னபடி, வாய்மொழியாக வரும் ஒவ்வொரு உத்தரவையும் அன்றே மின்னஞ்சலில் எழுதி, "நான் புரிந்துகொண்டது சரிதானா?" என்று கேட்க ஆரம்பித்தேன். பதில் பெரும்பாலும் வராது. ஆனாலும் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்ற பேச்சு நன்றாகவே குறைந்தது. சம்பளம் மட்டும் மாறவில்லை. சரி, போதும் என்று வேறு வேலை தேடினேன், கிடைத்துவிட்டது.

சகாக்களிடம் சொல்லத்தான் பயம். என் வேலை அவர்கள் தலையில்தானே விழும்? மதியம் சாப்பிடும்போது சொன்னேன். கணக்கு பார்க்கும் அக்கா கொஞ்ச நேரம் டப்பா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். அப்புறம், "நீ போ, நாங்க பார்த்துக்கிறோம்" என்றார். ராஜினாமா கடிதத்தில் நிலுவைச் சம்பளத்தையும் மாதவாரியாகக் குறிப்பிடச் சொன்னவரும் அவர்தான். எனக்கு அது தோன்றியே இருக்காது.

இப்போது நோட்டீஸ் காலம். எந்த வாடிக்கையாளரை எப்போது அழைக்கலாம், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று ஒன்றுவிடாமல் எழுதி வைக்கிறேன். எனக்குப் பதிலாக ஆள் தேடும் வேலையை முதலாளி இன்னும் தொடங்கவில்லை. அதுதான் மனதை உறுத்துகிறது. சகாக்களில் இருவர் தங்கள் பயோடேட்டாவைச் சரிபார்க்கக் கேட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து உட்காருகிறோம்.