2020 மார்ச் 23: அன்னிக்கு நீங்க என்ன செஞ்சீங்க?

கொங்குவாசி:
ரொம்ப நாளா உறுத்துது, எழுதிடறேன். ரெண்டு வருஷமா ஒரு நீளநோட்டு வெச்சிருந்தேன். பதினோரு கம்பெனி, பக்கத்துல "இந்த விலைக்கு வந்தா வாங்கணும்"னு பென்சில்ல விலை. பங்குச்சந்தை விழட்டும்னு சீட்டு எடுத்த பணம் மூணு லட்சத்தையும் பேங்க்ல அப்படியே விட்டிருந்தேன்.

23ஆம் தேதி திங்கக்கிழமை. கொரோனா பயத்துல சந்தை பத்து மணிக்குள்ளயே பத்து சதவீதம் விழுந்து வர்த்தகத்தை 45 நிமிஷம் நிறுத்திட்டாங்க. மார்ச் 13 அன்னிக்கும் இப்படி நிறுத்தி, சாயந்தரம் ஏத்தத்துல முடிஞ்சது ஞாபகம் இருக்கும். அந்த 45 நிமிஷமும் நோட்டு மடியில இருந்தது. பதினொண்ணுல ஒம்பது கம்பெனி நான் எழுதின விலைக்குக் கீழ. தெருவுல ஒரு வண்டிச் சத்தம் இல்ல. சந்தை திறந்ததும் நான் செஞ்சது என்ன தெரியுமா? கையில இருந்த பங்கையும் வித்தேன். அம்பது பெரிய கம்பெனிப் பங்குகளோட குறியீடு நிஃப்டி அன்னிக்கு 7610ல முடிஞ்சது. அதே வருஷம் டிசம்பர் கடைசியில 13,981.

நட்டம் போகட்டும். நானே நிதானமா உக்காந்து எழுதின விலைய நானே நம்பலையே, அதுதான் ஆறமாட்டேங்குது.

இரவுப்பணி:
கொங்குவாசி அண்ணா, நீங்க வித்ததைத் தப்புன்னு நான் சொல்லமாட்டேன். வாங்கியிருக்கணும்னு இப்ப பேசறவங்க எல்லாருக்கும் அன்னிக்குச் சம்பளம் நிக்காம வந்துச்சு. எனக்கு ஏப்ரல்ல இருந்து நாப்பது சதவீதம் வெட்டு. மாசாமாசம் மியூச்சுவல் ஃபண்டுல போடற எஸ்ஐபியை ஜூன்ல நிறுத்தினேன், அப்புறம் நகைக்கடன். மதிப்பீட்டாளர் கையுறை போட்டுக்கிட்டு, வளையல் மேல சானிடைசர் அடிச்சுத் துடைச்சுட்டு, உரைகல்லுல தேய்ச்சார். என் வீட்டுக்காரம்மா அந்தக் கல்லையே பாத்துட்டு நின்னாங்க. சந்தை பாதி விலையில கிடந்தா எனக்கு என்ன? ஆறு மாசச் செலவுக்குத் தனியா பணம் இருந்தாத்தான் அது வாய்ப்பு. இல்லாதவனுக்கு அது வெறும் செய்தி.

மாடிவீடு:
பங்கை விடுங்க, நிலத்துலயும் இதே கதைதான். 2016 செப்டம்பர்ல அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாதுன்னு ஹைகோர்ட் தடை போட்டப்போ செங்கல்பட்டுப் பக்கம் விலை படுத்துச்சு. அடுத்த வருஷம் தடை தளர்ந்ததும் ஒருத்தர் அவசரத்துக்குக் கொடுத்த 1200 சதுர அடியை மலிவுன்னு வாங்கினேன். பத்திரம் முடிஞ்சு அளக்க வந்த சர்வேயர் நிலத்தோட அளவு காட்டற புலப்படத்தை வெயில்ல விரிச்சு, மூலைக்கல்லைக் காலால தட்டி, "சார், இது வாய்க்கால் புறம்போக்குல நிக்குது"ன்னார். அதனால வரன்முறை ஆகல, அதாவது மனைக்கு அங்கீகாரம் கிடைக்கல.

அதனால சொல்றேன், எல்லாரும் குறிச்சுக்கங்க. மலிவா வருதுன்னா முதல்ல தாய்ப்பத்திரம், அதாவது இதுக்கு முந்தின பழைய பத்திரம் கேளுங்க. வில்லங்கச் சான்று 13 வருஷத்துக்குப் போதும்னு புரோக்கர் சொல்வார், 30 வருஷத்துக்குப் போடுங்க. பட்டா, சிட்டா, அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு) மூணுலயும் சர்வே நம்பர், உட்பிரிவு ஒண்ணா இருக்கான்னு பாருங்க. டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி நம்பர் நோட்டீஸ்ல அச்சடிச்சிருந்தா மட்டும் நம்பாதீங்க, அனுமதி வரைபடத்துல உங்க மனை எண் இருக்கணும். லேஅவுட் ரோட்டை உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்தாச்சான்னு கேளுங்க. முன்பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி அளந்துடுங்க, நான் அளந்தது பின்னாடி. 2017 ஜூன்ல, பத்திரப்பதிவுக்கு அரசு வெக்கற நில விலையான வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைச்சாங்க, ஆனா பதிவுக் கட்டணம் 1ல இருந்து 4 சதவீதமாச்சு. அந்த மாதிரி மாத்தத்தையும் கணக்குல சேருங்க.

தாமிரபரணி:
மாடிவீடு சார், நீங்க சொன்னதெல்லாம் சரி, ஆனா அண்ணன் கேட்டது வேற. காகிதத்துல கோளாறு இருந்ததால நீங்க மாட்டுனீங்க. அவருக்கு எல்லாம் சரியா இருந்தும் மனசு ஒத்துழைக்கல. எனக்கும் அதுதான் நடந்துச்சு.

2015 நவம்பர்ல, நகைக்குப் பதிலா தங்க விலைக்கு அரசாங்கம் தர்ற தங்கப் பத்திரம் முதமுதலா வந்தப்போ கிராம் 2684 ரூவாய்க்கு இருவது கிராம் வாங்குனேன். அத்தை அந்தச் சான்றிதழத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "ஏட்டி, இதக் கழுத்துலயா மாட்டுவ?"ன்னாங்க. அடுத்த ரெண்டு மாசத்துல தங்கம் எறங்குச்சு. ஜனவரில ரெண்டாவது வெளியீடு 2600. பேங்க் வாசல் வரைக்கும் போனேன், பையில பாஸ்புக், செக் எல்லாம் இருக்கு. மொதல்ல வாங்குனதே நட்டம்னு வீட்டுல பேசுவாங்களேன்னு திரும்பிட்டேன். எட்டு வருஷம் கழிச்சு, 2023 நவம்பர்ல முதல் பத்திரத்துக்குக் கிராம் 6132 வந்துச்சு, நடுவுல வருஷத்துக்கு 2.75 சதவீதம் வட்டியும். வாங்குன இருவது கிராம யாரும் பேசறதில்ல, நானும் பேசறதில்ல. அந்தப் பேங்க் படிதான் கண்ணுல நிக்கி.

கொங்குவாசி:
தாமிரபரணி அக்கா, அதே படிதாங்க. இரவுப்பணி தம்பி, நீங்க சொன்னதையும் ஏத்துக்கறேன். இப்ப வீட்டுச் செலவுப் பணம் தனிக் கணக்குல இருக்கு.

2024 ஜூன் 4, தேர்தல் முடிவு அன்னிக்கு நிஃப்டி கிட்டத்தட்ட ஆறு சதவீதம் விழுந்துச்சுல்ல? நோட்டை எடுத்தேன். ஒரே ஒரு கம்பெனிதான் எழுதின விலைக்கு வந்துச்சு. கை நடுங்குச்சு. பத்து பங்கு வாங்கினேன். வாங்கினதும் பென்சில் விலைக்குப் பக்கத்துல பேனாவால தேதி போட்டேன்.