கம்பு பறிப்பு பொய்த்துப்போன அந்த ஒரு நொடி (அனுபவப் பகிர்வு)

தொடக்கப் பதிவு

பிலிப்பைன்ஸின் கம்புச் சண்டைக் கலையான அர்னிஸ் பழகுபவர்கள் கூடும் இடம் இது. எதிராளியின் கம்பைப் பறிக்கும் பாம்புப் பிடியை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எதிராளியின் ஒன்றாம் எண் அடி நம் இடப்பக்க நெற்றிப்பொட்டுக்கு வரும், நம் வலக்கைக் கம்பு தடுக்கும், இடக்கை அவர் மணிக்கட்டில் ஒரு நொடி அணைபோட்டுவிட்டு மேலாகச் சுற்றி அடியில் வந்து அவர் கம்பை நம் விலாவோடு இறுக்கும். இணைப் பயிற்சியில் பத்துக்குப் பத்தும் கம்பு கழன்று வந்தது. அதே இருவர் ஹெல்மெட்டும் கிளவுஸும் மாட்டி ஸ்பாரிங் (மோதல் பயிற்சி) இறங்கினார்கள். தடுப்பு சரியான இடத்தில்தான் விழுந்தது, 'டக்' என்று சத்தமும் கேட்டது. இடக்கை சுற்றிக்கொண்டு போனது. அங்கே கம்பு இல்லை. விரல்கள் வெறும் காற்றை மூடின. மூடிய விரல்முட்டிகளின் மேலேயே அடுத்த அடி விழுந்தது.

அந்த மூடிய வெறுங்கை கண்ணைவிட்டுப் போகவில்லை. கை தாமதமாகப் போனது என்றும் சொல்ல முடியாது. தடுப்பும் சுற்றும் ஒரே மூச்சில் நடந்தன. இதேபோல் பறிப்பு பொய்த்த கணத்தை நேரில் பார்த்தவர்கள், எது தவறியது என்று எழுதுங்கள்.

பதில் 1

கை தாமதமில்லை. அடிதான் மாறிவிட்டது. பயிற்சியில் கொடுத்தது லோப்திக், ஸ்பாரிங்கில் வந்தது வித்திக். லோப்திக் இலக்கைத் தாண்டி ஓடும் முழு வீச்சு. தடுத்தால் அங்கேயே ஒரு கணம் நின்றுவிடும். வித்திக் சவுக்கு மாதிரி சுண்டித் திரும்பும். தட்டுப்பட்ட அதே கணம் தோளுக்குத் திரும்பியிருக்கும். பாம்புப் பிடிக்கு நின்ற கம்பு வேண்டும்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி. அடி கொடுப்பவர் பத்து அடி கொடுக்கட்டும், அதில் எந்த மூன்று சுண்டி இழுக்கப்படும் என்று சொல்ல வேண்டாம். இடக்கை பத்துக்கும் சுற்றப் போனால், அது கம்பைப் பார்த்துப் போகவில்லை, மனப்பாடமாகப் போகிறது என்று தெரிந்துவிடும்.

பதில் 2

இரண்டு பேர் ஒரே கம்பின் இரு முனையைப் பிடித்துக்கொண்டு வடம் இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டிருந்த காட்சி எனக்கு மறக்காது. சுற்று சரி, இறுக்கமும் சரி. ஆனால் பறிப்பவர் கம்பைத் தன் பக்கம் நேராக இழுத்தார். நேராக இழுத்தால் எதிராளியின் நான்கு விரலோடும் மல்லுக்கட்ட வேண்டும், அதில் ஜெயிக்க முடியாது. பிடியில் பலவீனமான ஒரே இடம் கட்டைவிரல் நுனி ஆள்காட்டி விரலைத் தொடும் வாய். கம்பை அந்த வாயை நோக்கித் திருப்ப வேண்டும்.

திருப்புவதற்கு இரண்டு புள்ளி வேண்டும். நுனிப் பக்கத்தை முன்கை ஒரு திசையில் கொண்டுபோனால், எதிராளியின் மணிக்கட்டு அசையாமல் நிற்க வேண்டும், அல்லது அவர் கைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பின் அடிமுனை (புன்யோ) எதிர்த்திசையில் தள்ளப்பட வேண்டும். ஒரு புள்ளியை மட்டும் பிடித்தால் எதிராளியின் கை முழுவதும் கூடவே வரும், கம்பு கழலாது. தொடக்கப் பதிவர் இதை முதலில் சரிபார்க்கவும்.

பதில் 3

இரண்டாம் பதில் போட்ட நண்பருக்கு: நீங்கள் சொன்ன நெம்புகோல் கணக்கு உண்மைதான், இந்தக் கேள்விக்கு அது பதில் இல்லை. கம்பே கைக்கு எட்டவில்லை என்கிறார், நீங்கள் எட்டியபிறகு திருப்புவதைச் சொல்கிறீர்கள்.

அடிப்படையில் ஒன்று மறந்துபோகிறது. கம்பைக் கம்பால் அடிப்பது பயிற்சிக்கான ஏற்பாடு. பழைய முறையில் வரும் கையைத்தான் அடித்தார்கள். அந்த வலி தாங்காமல் கற்க வந்தவர்கள் விட்டுப் போனார்கள். பிலிப்பைன்ஸின் நெக்ரோஸ் தீவில் பிறந்த ரெமி பிரேசாஸ் நவீன அர்னிஸை உருவாக்கியபோது கம்போடு கம்பு மோதும் முறையை வலியுறுத்தியதற்கு அதுவே காரணம். ஆட்களைத் தக்கவைத்த நல்ல முடிவு அது. ஆனால் அதற்குள்ளேயே வளர்ந்த கண், 'டக்' சத்தம் கேட்டதும் வேலை முடிந்தது என்று நம்புகிறது.

லார்கோ எனும் எட்டத் தூரத்தில் உங்கள் கம்பின் நுனி எதிராளியின் கையை மட்டுமே எட்டும். அங்கே பறிப்பு என்பதே கை மேல் விழும் அடிதான். பாம்பின் பல்லைப் பிடுங்குவது என்று சொல்வது இதைத்தான். நடுத்தூரமான மேதியோவில்தான் உங்கள் இடக்கை அவர் கையை எட்டும். பாம்புப் பிடியின் இடம் மேதியோ முடிந்து நெருக்கத் தூரமான கோர்ட்டோ தொடங்கும் விளிம்பு, ஏறக்குறைய உங்கள் இடது உள்ளங்கை அவர் முழங்கையைத் தொடக்கூடிய தூரம். அரை அடி வெளியே நின்றாலும் விரல் காற்றைத்தான் மூடும்.

இன்னொன்று: முதலில் ஓர் அடி கொடுக்காமல் பறிக்கப் போகாதீர்கள். தடுத்த கம்பு அங்கிருந்தே அவர் முன்கையில் விழட்டும். பிடி தளர்ந்த அந்த அரை நொடிக்குள் இடக்கை போகட்டும்.

பதில் 4

பறிப்பு பொய்த்ததற்குக் கம்பே காரணமாக இருந்த ஒரு கூத்தைப் பார்த்திருக்கிறேன். மாதக்கணக்கில் அடிபட்டுத் தும்புபோல் நார் கிளம்பிய பழைய பிரம்பு. அதைச் சுற்றினால் சட்டைக் கையில் நார் மாட்டிக்கொண்டு தானாகவே கழன்று வந்தது. புதுப் பிரம்பைக் கொடுத்ததும், தோல் வழவழப்பும் வியர்வையும் சேர்ந்து முன்கையில் வழுக்கிக்கொண்டு வெளியே போய்விட்டது. இத்தனை நாள் பறித்தது கையா, நாரா?

அதனால் கம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். நீளம் 28 அங்குலம், தடிமன் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு அல்லது அதேயளவு. மூங்கில் உள்ளே கூடு, பிரம்பு உள்ளே கெட்டி. நார் நீளவாக்கில் ஓடுவதால் சட்டென்று முறியாமல் அடிபட்ட இடத்தில் நசுங்கி நாராகப் பிரியும். இணைப் பயிற்சிக்குப் பிரம்பைத் தேர்ந்ததன் காரணமே அது. வாங்கும்போது கணுக்கள் நெருக்கமாக இருப்பதை எடுங்கள். தரையில் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். ஒரே தடிமனுள்ள இரண்டில் கனமானதை எடுங்கள், அதில்தான் நார் அடர்த்தி. இரண்டு கம்பையும் தட்டிப் பாருங்கள். சத்தம் மந்தமாக இருந்தால் உள்ளே வெடிப்பு இருக்கலாம்.

அடி பெரும்பாலும் நுனியிலிருந்து நான்கு அங்குலத்துக்குள்தான் விழும். ஆகவே வாரம் ஒருமுறை தலைகீழாக மாற்றிப் பிடியுங்கள். தோல் உரிய ஆரம்பித்ததுமே அந்த இடத்தில் மட்டும் டேப் சுற்றுங்கள். நார் கிளம்பியபிறகு சுற்றினால் உள்ளே பொடியாகிக்கொண்டே இருக்கும், வெளியே தெரியாது. சிம்புகளை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். வெயிலில் நிற்கும் காரில் போட்டுவைத்தால் காய்ந்து எடை குறைந்து சீக்கிரம் நொறுங்கும். வேகமாக மோதும்போது தீய்ந்த வாசம் வருவது பிரம்பின் இயல்பு, பயப்பட வேண்டாம். கமகோங், பாஹி போன்ற கெட்டி மரக் கம்புகளைத் தனியாகச் சுழற்றிப் பழக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கமகோங் எலும்பை உடைக்கும் கனம். பாஹி பனை இன மரம், பிளந்தால் ஊசி ஊசியாகச் சிம்பு கிளம்பும்.

பதில் 5

பிரம்பு பாடம் நன்றாக இருக்கிறது. ஆனாலும் பிடியை யாருமே பேசவில்லை. அபானிகோ விசிறியடிக்காகக் கட்டைவிரலைக் கம்பின் மேல் நீட்டிப் பிடிப்பவர்கள் உண்டு. நுனிக்கு நல்ல கட்டுப்பாடு கிடைக்கும், மறுக்கவில்லை. அப்படி நீட்டிய விரலோடு ஒருவர் தடுக்கப் போனார். எதிர்க்கம்பு சறுக்கிக் கீழே இறங்கி நேராக நகக்கண்ணில் வந்து நின்றது. கம்பைப் பறிக்க யாரும் எதுவும் செய்யவில்லை, அதுவே விழுந்தது.

அபானிகோவுக்கு விரல் நீட்டத் தேவையே இல்லை. மணிக்கட்டை மடக்கி அடிப்பதால்தான் விரலின் தயவு வேண்டியிருக்கிறது. முன்கையைச் சாவி திருப்புவதுபோல் புரட்டுங்கள், முழங்கை விலாவை ஒட்டி நிற்கட்டும். மூடிய முட்டியிலேயே விசிறி சரியாக விரியும்.

புன்யோவையும் கவனியுங்கள். கைக்குக் கீழே மூன்று, நான்கு விரற்கடை போதும். அதற்கு மேல் விட்டால் விசிறியடியில் சொந்த முன்கையில் இடிக்கும், எதிராளிக்கும் பிடித்துத் திருப்ப ஒரு கைப்பிடி கிடைத்துவிடும். ஒன்றுமே விடாமல் அடியோடு பிடித்தால் வியர்வையில் கம்பு நழுவும், கோர்ட்டோவில் இடிக்க ஆயுதமும் இருக்காது.

பதில் 6

எஸ்பாதா இ தாகா பயிற்சி. வலக்கையில் கம்பு, இடக்கையில் மரக்கத்தி, கத்தியின் விளிம்பில் சாக்பீஸ் தேய்த்திருந்தது. ஒன்றாம் அடி வந்தது, தடுத்தார், பழக்கத்தில் இடக்கை பாம்புப் பிடிக்குச் சுற்றியது. பிரித்து நின்று பார்த்தபோது எதிராளியின் மேல் ஒரு கோடுகூட இல்லை. பறிக்கப் போனவரின் வலது முன்கையில், முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே, அவர் கத்தியே போட்ட வெள்ளைக் கோடு.

கத்தி உள்ள கை அணைபோடும்போது உள்ளங்கைக்குப் பதில் விளிம்புதான் முன்கையில் பதிய வேண்டும். சுற்றக் கூடாது. வந்த வழியே இழுத்துத் திரும்ப வேண்டும். கம்பும் கத்தியும் குறுக்கே போனால், எது மேலே எது கீழே என்பதை ஒவ்வோர் அடிக்கும் தனித்தனியாகப் பழக வேண்டும்.

இதோடு சேர்த்து ஒன்று. எதிரில் இருப்பது கம்பு என்பதால்தான் பாம்புப் பிடி சாத்தியம். போலோ எனும் வெட்டுக்கத்தியாக இருந்தால் அதே சுற்றில் முன்கைச் சதை கிழியும். பெகிதி திர்சியா போல வெட்டுக்கத்தியை மனதில் வைத்துப் பழகும் முறைகளில் இடக்கை கத்திமேல் போகாமல் கைமேலேயே போவது இதனால்தான்.

பதில் 7

தொடக்கப் பதிவருக்கு ஒரே வரி. இடக்கை பிடிக்கப் 'போகிறது' என்பதே சிக்கல். அது முன்பே அங்கே இருக்க வேண்டும்.

வெனான்சியோ பாக்கோன் 1952-ல் பிலிப்பைன்ஸின் செபுவில் தொடங்கிய பலின்டவாக் முறையில் ஒற்றைக் கம்புதான், தூரமும் நெருக்கம்தான். அதன் ஆகாக் பயிற்சியில் ஆசிரியர் அடி கொடுத்துக்கொண்டே மாணவரின் கம்புக்கையை இடது உள்ளங்கையால் தட்டிக்கொண்டிருப்பார். கண்ணில் நின்றது இது: மாணவர் இரண்டாம் அடியை ஓங்க நினைத்த மாத்திரத்தில், கம்பு அசையுமுன், அந்த உள்ளங்கை அவர் கைமுட்டிமேல் மெத்தென்று உட்கார்ந்திருந்தது. பிடிக்கவில்லை, அழுத்தவில்லை. இழுத்தால் கூடவே போகும், தள்ளினால் வழிவிடும். சுண்டி இழுத்த கம்பும் அந்தக் கையை விட்டுப் போக முடியாது. இருவர் கையும் தொட்டபடியே மாறிமாறித் தடுத்து அடிக்கும் ஹுபுத் பயிற்சியை வேகத்துக்காகச் செய்யாமல் இந்தத் தொடு உணர்வுக்காகச் செய்யுங்கள். முதல் ஐந்து நிமிடம் கண்ணைக் கட்டிக்கொண்டு, கம்பில்லாமல்.

தொடக்கப் பதிவர்

எல்லோருக்கும் நன்றி. முதல் பதிலில் சொன்ன பத்தடிச் சோதனையை அதே இருவரை வைத்துச் செய்தாயிற்று. இடக்கை பத்துக்கும் சுற்றியது. சுண்டிய மூன்றிலும் வெறுங்கை. அடுத்த சுற்றில் மூன்றாம் பதில் சொன்னபடி, தடுத்த கம்பு கிளவுஸ் மேல் விழுந்தபிறகே இடக்கை போகலாம் என்று வைத்தோம். சுண்டிய மூன்றில் ஒன்றில் கம்பு கழன்றது. மற்ற இரண்டில் கழலவில்லை, ஆனால் விரல்முட்டியில் அடியும் விழவில்லை, ஏனென்றால் கை நெஞ்சை விட்டு வெளியே போகவே இல்லை.

ஒரு சந்தேகம் பாக்கி. எதிராளி இடக்கைக்காரராக இருந்தால் அவருடைய ஒன்றாம் அடி நம் வலப்பக்கம் வருகிறது. இடக்கை நம் கம்பைத் தாண்டிக் குறுக்கே போகவேண்டியிருக்கிறது, இரண்டு முழங்கையும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. அங்கே பாம்புப் பிடியை விட்டுவிட்டுப் புன்யோவால் தள்ளுவதா, அல்லது கால் மாற்றி வெளிப்பக்கம் போய்விடுவதா? இடக்கைக்காரரோடு இணை சேர்ந்து பழகியவர்கள் சொல்லுங்கள்.