62 பேர் வழிவிட்ட பணத்தை 51 பேர் ரத்து செய்யலாமா? அமெரிக்க செனட்டின் ஜூலை 16 அமர்வு

தென்கரை:
அமெரிக்க செனட்டில் 2025 ஜூலை 16 பகலில் தொடங்கிய வாக்கெடுப்புகள் மறுநாள் அதிகாலை 2 மணிக்கு மேல்தான் ஓய்ந்தன. முடிவு 51-48. ஏற்கெனவே சட்டமாகிவிட்ட ஒதுக்கீட்டில் சுமார் 900 கோடி டாலரை ரத்து செய்யும் மசோதா நிறைவேறியது. ஏறக்குறைய 800 கோடி வெளிநாட்டு உதவி, 110 கோடி, பொது வானொலி, தொலைக்காட்சி நிலையங்களுக்கு அரசுப் பணத்தைப் பிரித்துத் தந்த பொது ஒலிபரப்பு நிறுவனத்துக்கான பணம்.

தொகையைவிட வழிமுறைதான் என்னை உறுத்துகிறது. ஆண்டுச் செலவு மசோதா எதுவும் அந்த அவையில் நகர வேண்டுமானால் 60 வாக்கு வேண்டும். இரண்டு கட்சியும் உட்கார்ந்து, நீ இதை விடு, நான் அதை விடுகிறேன் என்று பேசி முடித்தால்தான் பணம் ஒதுக்கப்படும். ரத்து மசோதாவுக்கோ 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி சாதாரணப் பெரும்பான்மை போதும். விவாதத்துக்கும் 10 மணி நேரம்தான். அப்படியென்றால் மார்ச்சில் இரு கட்சி வாக்குகளோடு நகர்ந்ததை ஜூலையில் ஒரு கட்சி மட்டும் கலைத்துவிடலாம். இதற்குப் பிறகு எந்த எதிர்க்கட்சிக்காரர் பேச்சுவார்த்தைக்கு வருவார்?

கணக்கர்:
தென்கரை, விதியைச் சரியாகச் சொன்னீர்கள். அது ஏன் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாடாளுமன்றம் ஒதுக்கிய பணத்தை அப்போதைய அதிபர் நிக்சன் செலவழிக்காமல் முடக்கி வைத்தார். அதைத் தடுக்கத்தான் 1974இல் அந்தச் சட்டம் வந்தது. அதிபருக்கு ஒரு செலவு வேண்டாம் என்று தோன்றினால் நாடாளுமன்றத்திடம் கேட்கட்டும். 45 நாளுக்குள் இரண்டு அவைகளும் ஒப்புக்கொள்ளாவிட்டால் பணத்தை விடுவித்தாக வேண்டும். டிரம்ப் ஜூன் 3 அன்று கேட்டார். பிரதிநிதிகள் சபை ஜூன் 12 அன்று 214-212 என்று நிறைவேற்றியது. கெடு ஜூலை 18. செனட் அதற்குள் முடித்தது. இதில் எந்த இடத்தில் சட்டம் மீறப்பட்டது?

அதிபர் கேட்டதற்கெல்லாம் தலையாட்டும் அவையும் இல்லை அது. 2018இல் இதே டிரம்ப் சுமார் 1,500 கோடி டாலரைக் குறைக்கக் கேட்டபோது 48-50 என்று தோற்கடித்தார்கள். அப்போதும் குடியரசுக் கட்சிக்குத்தான் பெரும்பான்மை. இந்த முறையும் எய்ட்ஸ் ஒழிப்புத் திட்டத்தின் 40 கோடி டாலரை வெட்டுப் பட்டியலிலிருந்து எடுக்க வைத்தவர்கள் செனட்டர்களே. புஷ் 2003இல் தொடங்கி, 2.5 கோடி உயிர்களைக் காப்பாற்றியதாகச் சொல்லப்படும் திட்டம் அது.

கடன் 36 லட்சம் கோடி டாலரைத் தாண்டிவிட்டது. எங்கேயாவது ஓரிடத்தில் தொடங்கித்தானே ஆக வேண்டும்?

மேகலை:
கணக்கர், கடனைக் காட்டி இந்த மசோதாவை நியாயப்படுத்த முடியாது. அதே செனட்தான் அதே ஜூலை 1ஆம் தேதி, துணை அதிபர் வான்ஸ் வாக்கையும் சேர்த்து 51-50 என்று வரிக்குறைப்பு மசோதாவை நிறைவேற்றியது. பத்தாண்டுகளில் பற்றாக்குறையை அது 3.4 லட்சம் கோடி டாலர் கூட்டும் என்று நாடாளுமன்றத்தின் சொந்த பட்ஜெட் அலுவலகமே கணக்கிட்டது. அதற்குப் பக்கத்தில் 900 கோடியை வைத்துப் பாருங்கள். 2024 நிதியாண்டின் மொத்தச் செலவில் அது ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குகூட இல்லை.

அப்புறம், தென்கரை தொட்டுவிட்டுப் போன மார்ச் விஷயம். மார்ச் 14 அன்று செலவு மசோதாவை இறுதி வாக்கெடுப்புக்குக் கொண்டுவர 62 பேர் வாக்களித்தார்கள். செனட்டில் ஜனநாயகக் கட்சியின் தலைவரான ஷூமர் உட்பட அந்த அணியிலிருந்து பத்துப் பேர். அரசு இயந்திரம் நின்றுவிடக் கூடாது என்று வந்த அந்தப் பத்துப் பேரையும் சொந்தக் கட்சிக்காரர்களே கிழித்துத் தொங்கவிட்டார்கள். பொது ஒலிபரப்புக்கு 2027ஆம் ஆண்டுக்கான 53.5 கோடி டாலர் அந்தச் சட்டத்தில்தான் இருந்தது. அரசியல் தலையீடு கூடாது என்பதற்காகவே அந்தப் பணத்தை இரண்டு ஆண்டு முன்கூட்டி ஒதுக்குவது வழக்கமாக இருந்தது. நான்கே மாதத்தில் அது போய்விட்டது. ஏமாற்றப்பட்டோம் என்று அவர்கள் நினைப்பதில் என்ன தவறு?

கணக்கர்:
62 பேர் வழிவிட்டது மொத்த மசோதாவுக்கு. ஒவ்வொரு வரிக்கும் 62 பேர் கையெழுத்துப் போடவில்லை. இறுதி வாக்கு 54-46தான். நேற்று போட்ட சட்டத்தை இன்று மாற்றும் உரிமை எந்த அவைக்கும் உண்டு. இல்லையென்றால் தேர்தல் எதற்கு?

நாடு முழுவதும் கேட்கப்படும் பொது வானொலியான என்.பி.ஆருக்கு நேரடியாக வந்த மத்திய அரசுப் பணம் அதன் வருமானத்தில் சுமார் 1 சதவீதம்தான். அது இல்லாமலும் அவர்களால் நடத்த முடியும்.

வடகடல்:
என்.பி.ஆர். நடத்திவிடும். அலாஸ்காவில் பெத்தல் என்ற ஊரின் கே.ஒய்.யு.கே. நிலையம் என்ன செய்யும்? அந்த ஒலிபரப்பு நிறுவனத்தின் பணத்தில் 70 சதவீதத்துக்கும் மேல் உள்ளூர் நிலையங்களுக்கே போனது. பெத்தலுக்குச் சாலை வழியே போக முடியாது. சுற்றியுள்ள கிராமங்களுக்கு யூப்பிக் மொழியில் செய்தி சொல்லும் நிலையம் அது. அங்கே யார் விளம்பரம் கொடுப்பார்கள், எத்தனை பேரிடம் நன்கொடை வாங்க முடியும்?

திருத்தங்கள் வாக்கெடுப்புக்கு வந்த அதே ஜூலை 16 அன்று அலாஸ்கா தீபகற்பத்தை ஒட்டிய சாண்ட் பாயின்ட் ஊருக்கு அருகே கடலில் 7.3 அளவுள்ள நிலநடுக்கம். சுனாமி எச்சரிக்கை விடப்பட்டது. அதை மக்களிடம் கொண்டுபோனவற்றில் இந்தச் சிறு வானொலிகளும் உண்டு. அலாஸ்கா செனட்டர் லிசா மர்கவ்ஸ்கி அதைச் சுட்டிக்காட்டியே வாதாடினார். அவர் கொண்டுவந்த திருத்தம் தோற்றது. வெள்ளை மாளிகை சொல்வதை நிறைவேற்றித் தருவது நம் வேலை இல்லை, நாம் சட்டம் இயற்ற வந்தவர்கள் என்ற பொருளில் அவர் பேசியதை நான் பெரிதாக மதிக்கிறேன். அவர் குடியரசுக் கட்சிக்காரர்.

தெற்கு டகோட்டாவின் மைக் ரவுண்ட்ஸ் மட்டும், பழங்குடிப் பகுதி நிலையங்களுக்கு வேறு கணக்கிலிருந்து பணம் தருவதாக வெள்ளை மாளிகையிடம் வாக்குறுதி வாங்கிக்கொண்டு ஆதரித்தார். அந்த வாக்குறுதி மசோதாவில் ஒரு வரியாகக்கூட இல்லை. ஆகஸ்ட் 1 அன்று, 1967ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த அந்த ஒலிபரப்பு நிறுவனம் தன் வேலைகளை முடித்துக்கொள்ளப்போவதாக அறிவித்துவிட்டது.

நெய்தல்:
அந்த இரவின் நேரலையை நானும் பார்த்தேன். செனட்டில் பொத்தான் அமுக்கும் வேலை கிடையாது. எழுத்தர் பெயர்களை அகரவரிசையில் படிப்பார். செனட்டர்கள் மேசை முன்னால் வந்து கட்டை விரலை மேலே காட்டுவார்கள், அல்லது கீழே. ஒரு திருத்தம் முடிந்ததும் அடுத்தது, மறுபடி அதே பெயர்ப் பட்டியல். ஜனநாயகக் கட்சித் திருத்தங்கள் வரிசையாக விழுந்துகொண்டே இருந்தன. எதிர்ப்பு 49 ஆகாமல் 48இல் நின்றதற்குக் காரணம், மின்னசோட்டாவின் டீனா ஸ்மித் மருத்துவமனையில் இருந்தார்.

எனக்குப் புரியாதவர் குடியரசுக் கட்சியின் மூத்த செனட்டர் மெக்கனல்தான். 15ஆம் தேதி மசோதாவை விவாதத்துக்கு எடுக்கும் வாக்கெடுப்புகளில் எதிர்த்தார். அவரும் மர்கவ்ஸ்கியும், அதே கட்சியின் சூசன் காலின்ஸும் எதிர்த்ததால்தான் 50-50 ஆகி வான்ஸ் வரவேண்டியிருந்தது. கடைசி வாக்கில் ஆதரித்துவிட்டார். காலின்ஸ் நிதி ஒதுக்கீட்டுக் குழுவின் தலைவர். எந்தத் திட்டத்தில் எவ்வளவு வெட்டப்போகிறீர்கள் என்று அவர் கேட்டும் வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகம் முழு விவரம் தரவில்லை. ஒதுக்கீட்டுக் குழுத் தலைவருக்கே தெரியாத வெட்டுக்கு 51 பேர் எப்படிக் கட்டை விரலை உயர்த்தினார்கள்?

கணக்கர்:
காலின்ஸ் கேட்டது நியாயமான கேள்வி. விவரம் கொடுத்திருக்க வேண்டும். வடகடல் சொன்ன பெத்தல் நிலையத்துக்காகத் தனியாக ஒரு மசோதா வந்தால் நான் ஆதரிப்பேன்.

ஆனால் தென்கரையின் அடிப்படை வாதத்தை ஏற்க மாட்டேன். நம் மாநிலங்களவை, பண மசோதாவை 14 நாளுக்குள் பரிந்துரையோடு திருப்பி அனுப்ப மட்டுமே முடியும். அதோடு ஒப்பிட்டால் அமெரிக்க செனட் பணத்தில் சம பங்குள்ள அவை. கொடுக்கும் அதிகாரம் உள்ள அவைக்கு எடுக்கும் அதிகாரமும் இருக்கும். 51 போதாது என்றால் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி 60 ஆக்குங்கள். அதற்கான மசோதாவை யார் கொண்டுவந்தாலும் பேசலாம்.

தென்கரை:
திருத்தலாம் என்கிறீர்கள், சரி. அதற்குள் என்னென்ன நடந்தது என்று பாருங்கள். செனட் நிறைவேற்றிய அதே ஜூலை 17 காலையில், வெள்ளை மாளிகை பட்ஜெட் இயக்குநர் ரஸ்ஸல் வோட், ஒதுக்கீட்டு வேலை இரு கட்சி ஒத்துழைப்பில் நடப்பது குறைய வேண்டும் என்று செய்தியாளர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு 490 கோடி டாலர் வெளிநாட்டு உதவியை ரத்து செய்யக் கேட்டுக் கடிதம் வந்தது. நிதியாண்டு செப்டம்பர் 30 அன்று முடிகிறது. 45 நாள் ஓடுவதற்குள் பணமே காலாவதியாகிவிடும். வாக்கெடுப்பே தேவைப்படாது. செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றமும் அதில் சுமார் 400 கோடியை நிறுத்திவைக்க அனுமதித்தது.

அக்டோபர் 1 அன்று அரசு முடங்கியது. 43 நாள். ஜனநாயகக் கட்சியின் முதல் கோரிக்கை மருத்துவக் காப்பீட்டு மானியம்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தைப் பிறகு கிழிக்க மாட்டோம் என்ற உறுதியையும் அவர்கள் கேட்டார்கள். ஜூலை இரவு நடந்திராவிட்டால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

கணக்கர்:
ஆகஸ்ட் கடிதத்தை நானும் எதிர்க்கிறேன். அது 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கத்துக்கே எதிரானது, நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகமும் அப்படித்தான் சொன்னது. ஆனால் இரண்டையும் ஒன்றாக்காதீர்கள். ஜூலையில் செனட்டர்களிடம் கேட்டார்கள். அவர்கள் வாக்களித்தார்கள், பெயரோடு பதிவாகியிருக்கிறது. 2026 நவம்பரில் அவர்களில் பலர் வாக்காளர்களிடம் பதில் சொல்லியாக வேண்டும். ஆகஸ்டில் யாரையும் கேட்கவே இல்லை.

மேகலை:
ஜூலையில் ஆமாம் என்று சொன்ன 51 பேரில் ஆகஸ்ட் கடிதத்தை எதிர்த்து செனட்டில் ஒரு வாக்கெடுப்பு கோரியவர் யார், கணக்கர்? வாக்கு தங்கள் உரிமை என்று ஜூலையில் சொன்னவர்கள், அந்த உரிமை பறிபோனபோது அவையைக் கூட்டியிருக்க வேண்டும். காலின்ஸ் சட்டவிரோதம் என்று அறிக்கை விட்டார், மர்கவ்ஸ்கியும் எதிர்த்தார். அந்த இருவருமே ஜூலையில் இல்லை என்று சொன்னவர்கள்.