கருப்பட்டி காய்ச்சுற குடிசையான விடிலியில் கொதிக்கிற பாகு கையில் பட்டால் முதலில் என்ன செய்யணும்?

திசையன்விளை_பனை கேட்டது:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். கருப்பட்டி காய்ச்சுற இடத்துக்கு முதலுதவிச் சாமான் வாங்கி வைக்கணும். பாகு முறுகுற நேரத்துல துடுப்பு போடும்போதும், சிரட்டையில ஊத்தும்போதும் கையிலயும் புறங்காலிலயும் தெறிக்கும். பேஸ்ட், இட்லி மாவு, சுண்ணாம்புத் தெளிவுன்னு ஆளுக்கொரு வைத்தியம் சொல்லுதாவ. முதல் அரை மணி நேரத்துல எதைச் செய்யணும், எதைச் செய்யக்கூடாது?

வார்டுக்காரர்:
தண்ணி. வேற எதையும் தேடி ஓடாதீங்க.

பாகு வெந்நீர் மாதிரி இல்ல. வெந்நீர் 100 டிகிரியோட நிக்கும், வழிஞ்சும் போயிரும். முறுகின பாகு அதுக்கும் மேல சூடு, தோல்ல ஒட்டிக்கிட்டு உள்ள வேக வச்சுக்கிட்டே இருக்கும். துணியால துடைச்சா தோலும் சேர்ந்து உரியும். சர்க்கரைதானே, தண்ணி ஊத்தினா தானே கரையும். சாதாரணக் குளிர்ச்சியுள்ள தண்ணியை 20 நிமிஷம் விடாம ஊத்துங்க. ரெண்டு நிமிஷத்துல எரிச்சல் அடங்கும், அங்கதான் எல்லாரும் நிறுத்திருவாங்க. மேல்தோல் ஆறினாலும் அடித்தோல்ல சூடு இருக்கும். உடனே ஊத்த முடியாமப் போனாலும், மூணு மணி நேரத்துக்குள்ள ஊத்தினா பலன் உண்டு.

மத்தியானம் மொட்டைமாடித் தொட்டித் தண்ணி சுடும். குழாயைத் திறந்து மணிக்கட்டுல பார்த்துட்டு விடுங்க. மண்பானைத் தண்ணி நல்லது. ஐஸ் வேண்டாம், ரத்த ஓட்டத்தைச் சுருக்கிப் புண்ணை ஆழமாக்கும்.

தண்ணி ஊத்தும்போதே மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றணும். வீங்கின பிறகு வெட்டித்தான் எடுக்கணும். ஒட்டின துணியை இழுக்காம சுத்தி கத்தரிங்க. கொப்புளத்தை உடைக்காதீங்க.

பழைய_கம்பவுண்டர்:
சுண்ணாம்புத் தெளிவை ஒரேயடியா ஒதுக்காதீங்க தம்பி. சுண்ணாம்பு நீரும் ஆளிவிதை எண்ணெயும் கலந்த காரன் எண்ணெயை இங்கிலீஷ் வைத்தியத்துலயே தீப்புண்ணுக்குப் போட்டிருக்காங்க. ஸ்காட்லாந்து காரன் இரும்பாலையில பயன்பட்டதால அந்தப் பேரு.

வார்டுக்காரர்:
உண்மைதான் அண்ணாச்சி, ஆனா கைவிட்டுட்டாங்களே. சூடு ஆறுமுன்ன எண்ணெய் பூசினா சூட்டை உள்ள அடைச்ச கணக்கு. தோல் போன இடத்துல சுண்ணாம்பு தானே அரிக்கும். அதோட, ஆஸ்பத்திரியில புண்ணோட நிறத்தைப் பார்த்துத்தான் ஆழம் சொல்லணும். மஞ்சளோ மாவோ அப்பியிருந்தா சுரண்டித்தான் பார்க்கணும், அந்த வலி யாருக்கு? தீப்புண்ணுக்குப் போடுற வெள்ளை சில்வர் களிம்புக்கும் இதே கதைதான், டாக்டர் பார்க்குமுன்ன வேண்டாம்.

நெல்லை_மருந்தகம்:
சாமான் விஷயம். கிளிங் ரேப் (சாப்பாட்டை மூடுற மெல்லிய பிளாஸ்டிக் தாள்) ஒரு சுருள்: முதல் ரெண்டு சுத்தைக் கழிச்சுட்டு, புண் மேல நீளவாக்குல விரிங்க. கையைச் சுத்திக் கட்டினா வீக்கத்துல இறுகும். இல்லைன்னா துவைச்ச வெள்ளை வேட்டித்துண்டு போதும். பஞ்சு வேண்டாம், புண்ணுல ஒட்டிக்கும். மழுங்கின முனைக் கத்தரிக்கோல் ஒண்ணு. பாரசிட்டமால் 500 மாத்திரை. டிடி ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) எப்பப் போட்டதுன்னு கேட்டு வச்சுக்குங்க.

பதநீர் இறக்குற கலயத்துக்குத் தடவுற சுண்ணாம்பு கண்ணுல பட்டா அது தனி ஆபத்து. கட்டியா இருந்தா ஈரத்துணி நுனியால எடுத்துட்டு, இமையைத் திறந்து அரை மணி நேரம் தண்ணி விடணும். வழியிலயும் ஊத்திக்கிட்டே கண் ஆஸ்பத்திரிக்குப் போங்க.

சட்டி பொங்கினா அடங்குறதுக்கு ஆமணக்கு முத்தை இடிச்சுப் போடுற பழக்கம் இருக்குல்ல, அதைப் பொங்குமுன்ன கைக்கெட்டுற இடத்துல வைங்க. பொங்கின பிறகு தேடி ஓடுறப்பதான் கால் இடறுது.

வார்டுக்காரர்:
எப்ப ஆஸ்பத்திரி? அடிபட்டவரோட விரலோட சேர்ந்த உள்ளங்கை உடம்புல 1 சதவீதம்னு கணக்கு. பெரியவங்களுக்கு பத்து உள்ளங்கை, பிள்ளைகளுக்கு அஞ்சு தாண்டினா 108. முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்புன்னா அளவே பார்க்க வேண்டாம். கையைச் சுத்தி வளையமா வெந்திருந்தாலும் உடனே போகணும். வெளுத்து, பதனிட்ட தோல் மாதிரி ஆகி, வலியே இல்லைன்னா நல்லதுன்னு நினைக்காதீங்க, நரம்பே வெந்துருச்சுன்னு அர்த்தம். திசையன்விளையில இருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், ஆனாலும் 20 நிமிஷத் தண்ணியை முடிச்சுட்டுக் கிளம்புங்க. மயக்கமோ மூச்சுத்திணறலோ இருந்தா மட்டும் காத்திருக்கக்கூடாது. பிள்ளைகளுக்குப் புண்ணைக் குளிரவச்சு, மத்த உடம்பைப் போர்த்திக் கூட்டிட்டுப் போங்க.

திசையன்விளை_பனை:
20 நிமிஷத்துக்கு எவ்வளவு தண்ணி ஆகும்? அங்க குடத்துலதான் கொண்டு வரோம்.

வார்டுக்காரர்:
செம்பால மெதுவா ஊத்தினா நிமிஷத்துக்கு ரெண்டு லிட்டர், மொத்தம் 40. சின்னக் குடம்னா மூணு. பத்தலைன்னா வாய் அகன்ற வட்டாவில கையை முக்கி வச்சு, வெதுவெதுப்பு தட்டும்போதெல்லாம் தண்ணியை மாத்துங்க. அடுப்பு எரியுற நாள்ல அந்த மூணு குடத்தைக் குடிக்க எடுக்கக்கூடாது.