புதுப்பிப்பு: ரிசல்ட் ராத்திரி, வியாசர்பாடி

போன வாரம் கேட்டிருந்தேனே, 2022 பிப்ரவரி 22 சென்னை மாநகராட்சி எலெக்ஷன் ரிசல்ட்டைத் தெருவுல டிவி வெச்சு சேர்ந்து பார்க்கலாமான்னு? பார்த்தாச்சு. நாலு பேர் வருவாங்கன்னு நெனச்சேன். நாற்காலி பத்தாம படிக்கட்டு, தள்ளுவண்டி எல்லாத்துலயும் ஜனங்க.

2016 அக்டோபரோட கவுன்சிலருங்க பதவிக்காலம் முடிஞ்சுது. அஞ்சு வருஷத்துக்கு மேல, குழாய்ல தண்ணி வரலன்னா யார் கதவைத் தட்டுறதுன்னே தெரியாது. போன நவம்பர் மழையில முழங்கால் தண்ணியில நின்னவங்களுக்குத்தான் கவுன்சிலர்னு ஒருத்தர் இருக்குற அருமை புரியும். இப்போ 200 வார்டுக்கும் ஆள் வந்தாச்சு, அதுல பாதிக்குக் குறையாம பெண்களுக்கு. மேயர் நாற்காலியும் இந்த முறை பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கியிருக்காங்க. அதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைச்சுது.

முன்ன பின்ன தெரியாத ஒரு ஆயா பக்கத்துல உக்காந்து அத்தோ (பர்மா நூடுல்ஸ்) தட்டைப் பாதி எனக்குத் தள்ளினாங்க. அவங்க நகத்துல 19ஆம் தேதி ஓட்டுப் போட்டப்போ வெச்ச மை இன்னும் அழியல. பேத்தி கையைப் புடிச்சு, "நல்லா பார்த்துக்க கண்ணு, நாளைக்கு நீயும் நிக்கணும்"னாங்க.

மார்ச் 4 மேயர் தேர்தல். அதே தெரு, அதே டிவி. வர்றவங்க ஆளுக்கொரு நாற்காலி எடுத்துட்டு வாங்கப்பா.