55 தாண்டிய மில் தொழிலாளர்களுக்குப் பயிற்சி, யோசனை வேண்டும்

வணக்கம். கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் தொழிலாளர் நலன் பார்க்கிறேன். எங்களிடம் 55 வயதைத் தாண்டியவர்கள் நிறையப் பேர். புது தொடுதிரை மெஷினை இளைஞர்களுக்குச் சொல்லும் வேகத்திலேயே அவர்களுக்கும் சொல்லித்தருகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கையால் செய்யவைத்து, சில நாள் விட்டு மறுபடி செய்யவைத்தால் மனதில் நிற்கும்.

அப்புறம், காது. மறதிநோய்க்கு வழிவகுப்பவற்றில் நம்மால் குறைக்கக்கூடியவை என்று 2024இல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் ஆணைக்குழு சொன்ன 14 காரணிகளில் காது மந்தம், ரத்த அழுத்தம், சர்க்கரை மூன்றும் உண்டு. ஸ்பின்னிங் இரைச்சலில் காதை யார் கவனிக்கிறார்கள்?

மில்லுக்கே வந்து செவித்திறன் பரிசோதிப்பவர்கள் யாராவது தெரியுமா? மூத்தவர்களை நைட் ஷிப்டிலிருந்து மாற்றிய அனுபவம் உள்ளவர்களும் எழுதுங்கள். சம்பளம் குறையாமல் எப்படிச் செய்தீர்கள்? பரிசோதனை முடிவை வைத்து யாரையும் வேலையைவிட்டு அனுப்பிவிடக் கூடாது, அதற்கான வழியும் வேண்டும்.