‘ஸ்லிப்ஜாயின்ட்’ கத்திக்கு என்ன சொல்?

வணக்கம்.

மடக்குக் கத்திச் சொற்களுக்குத் தமிழ் தேடி நேற்று வந்த பட்டியலில் ‘ஸ்லிப்ஜாயின்ட்’ என்பதற்கு நேராக ‘நழுவு மூட்டு’ என்று போட்டிருந்தது. எனக்கு முழங்கால் வலிதான் ஞாபகம் வந்தது.

சொல்லை விட்டுவிட்டுக் கத்தியைப் பார்ப்போம். பிடியின் முதுகுப் பக்கம் ஒரு பட்டைவில் (தட்டையான ஸ்பிரிங்) இருக்கிறது. அது அலகின் அடியை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். அலகைத் திறக்கும்போது முதலில் விரலை எதிர்த்துத் தள்ளும், முக்கால்வாசி வந்ததும் அதுவே இழுத்துக்கொண்டுபோய் ‘டக்’கென்று நிறுத்தும். அவ்வளவுதான், பூட்டு கிடையாது. கார்ல் எல்ஸ்னர் 1897-இல் பதிவு செய்த சுவிஸ் அதிகாரிகள் கத்தியும் (நாம் ‘சுவிஸ் ஆர்மி’ கத்தி என்பது) இந்த வகைதான். இரண்டே வில்லில் ஆறு கருவிகளை நிறுத்தியதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம்.

பூட்டு இல்லை என்பது ஏன் முக்கியம் என்று என் ஆள்காட்டி விரலைக் கேளுங்கள். இடுப்பு வாரில் இன்னொரு துளை போடலாம் என்று அலகின் முனையை வைத்துத் திருகினேன். அலகு மடங்கி விரலில் வந்து உட்கார்ந்துவிட்டது. வெட்டும்போது நாம் கொடுக்கும் அழுத்தம் அலகைத் திறந்த நிலையிலேயே வைக்கும். குத்தும்போது அது மூடும் பக்கமாகத் திரும்பிவிடலாம். சட்டமும் இந்த வேறுபாட்டைப் பார்க்கிறது. வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டில்லாத மடக்குக் கத்தியைப் பிரிட்டனில் காரணம் சொல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம். பூட்டு இருந்தால் தக்க காரணம் வேண்டும். ஆகவே வாங்குகிறவருக்குப் பெயரிலேயே இது தெரிய வேண்டும். என் பரிந்துரை: ஸ்லிப்ஜாயின்ட் ‘வில்மடக்கு’, பூட்டு உள்ளது ‘பூட்டுமடக்கு’.

பூட்டு வகைகளில் அதிகம் சண்டை வராது என்று நினைக்கிறேன். பிரெஞ்சு ஒபினெல் கத்தியில் 1955 முதல் வரும் சுழலும் வளையம் ‘வளையப்பூட்டு’. பிடியின் முதுகை அழுத்தி விடுவிப்பது ‘முதுகுப்பூட்டு’. லைனர் லாக்கை ‘உட்தகட்டுப் பூட்டு’ என்பது சரிதான், ஆனால் வாயில் நுழையவில்லை. அலகு திறந்ததும் உள்ளே இருக்கும் தகடு நாக்கை நீட்டுவதுபோல அதன் அடியில் வந்து முட்டுக்கொடுக்கிறது. ‘நாக்குப்பூட்டு’ என்றால் ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். பிடியின் ஒரு பக்கமே நாக்காக வேலை செய்யும் ஃப்ரேம் லாக்குக்கு ‘பிடிநாக்கு’.

தினமும் கூடவே வைத்திருக்கும் ‘எவ்ரிடே கேரி’ கத்திக்குப் பட்டியலில் உள்ள ‘அன்றாடச் சுமப்புக் கத்தி’ வேண்டவே வேண்டாம். நூறு கிராம்கூட இல்லாத ஒன்றை யார் சுமக்கிறார்கள்? ‘கைவசக் கத்தி’ போதும். கால்சட்டைப் பையின் விளிம்பில் மாட்டும் கிளிப்புக்குக் ‘கவ்வி’.

---

ஐயா, வணக்கம்.

நாக்குப்பூட்டு அருமை. வில்மடக்கில்தான் ஒரு சிக்கல். என் அக்கா மகனிடம் சொல்லிப் பார்த்தேன். “பட்டனைத் தட்டினால் தானா விரியுமே, அந்தக் கத்தியா மாமா?” என்றான். வில் என்றதும் எல்லாருக்கும் அதுதான் தோன்றும். பல நாடுகளில் அந்தக் கத்திக்குத் தடை. சாதுவான பேனாக்கத்திக்கு நாமே அந்தப் பெயரை மாட்டிவிடக் கூடாது.

இன்னொன்று. கவ்வியைப் பிடியின் எந்த முனையில் பொருத்துகிறோம் என்பதற்கும் சொல் வேண்டும். மூடிய கத்தி பைக்குள் இருக்கும்போது அலகின் முனை மேலே பார்த்தால் ‘முனைமேல்’, கீழே பார்த்தால் ‘முனைகீழ்’. முனைமேலாக வைக்கும்போது மூடிய அலகைப் பிடித்துவைக்கும் அந்தச் சின்ன எஃகுக் குண்டு வலுவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பைக்குள்ளேயே அலகு கொஞ்சம் விரிந்து, கையை உள்ளே விடும்போது குத்தும்.

---

மருமகப்பிள்ளை சொன்னது நியாயம். எனக்கு அது தோன்றவே இல்லை. தானாக விரிவதற்கு ‘வில்விரி கத்தி’ என்று வைத்துவிட்டு, நம்முடையதைப் ‘பூட்டிலா மடக்கு’ என்று மாற்றிவிடுகிறேன். இல்லாததை வைத்துப் பெயரிடுவது அவ்வளவு அழகில்லைதான், ஆனால் விரல் தப்பும். முனைமேல், முனைகீழ் இரண்டையும் அப்படியே சேர்த்துக்கொள்கிறேன்.

அந்தக் குண்டுக்குத்தான் இன்னும் பெயர் இல்லை. ‘தடைக்குண்டு’ என்றால் ஏதோ வெடிக்கப்போவது போல இருக்கிறது. வேறு யாராவது சொல்லுங்கள்.